ஏடெழுதுவோரும் விமானம் பழுதுபார்ப்போரும்

பழைய ஏடுகளோடு பழகியோர்க்கு ஒரு செய்தி நன்கு தெரியும். ஓலையிலே மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் இல்லை. ரகரமும் நெடிலுக்குரிய காலும் ஒரே வடிவாய் நிற்கும். ஒற்றைக்கொம்பு எகரத்துக்கும் பொது, ஏகாரத்துக்கும் பொது. மங்கிய விளக்கொளியில், கை சோர்ந்து, கண் அயர்ந்து பெயர்த்தெழுதுகின்ற ஒருவன் ஓரெழுத்தை மற்றோரெழுத்தாகக் கொண்டுவிடுவான். தான் பிழைத்தது அவனுக்கே தெரியாது. அவனுக்குப் பின் வருபவன் அவ்வேட்டைப் பார்த்து எழுதும்போது முன்னவன் பிழையையும் பாடமென்றே மதித்து எழுதுவான். இவ்வாறு பிழை தலைமுறை தலைமுறையாக வளரும். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையை அச்சேற்றுதற்குப் பட்ட பாடெல்லாம் பெரும்பாலும் இப்பிழைகளோடு பட்ட பாடேயாம்.

இதனை இங்கே கூறுவானேன் எனின், ஆகாய விமானங்களைப் பழுதுபார்க்கும் தொழிலாளர் செய்த சில பிழைகளைப் பற்றி அண்மையில் விரிவாக வாசித்தேன். வாசிக்குந்தோறும் அந்த ஏடெழுதுவோனே என் கண்முன் வந்து நின்றான். தமிழ்ப் பண்டிதனுக்கும் விமானத்துக்கும் என்ன உறவு என்று நகைப்போர் நகைக்க. பிழை என்பது எல்லாத் தொழிலுக்கும் பொதுச்சொத்து. விமானத் தொழிலார் அதனை ஆராய்ந்த அளவுக்கு ஆசிரியத் தொழிலார் ஆராய்ந்ததில்லை என்பதே யான் சொல்ல வந்தது.

1990ஆம் ஆண்டு யூன் மாதம் 10ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை, இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரிலிருந்து ஸ்பெயின் நாட்டு மலகா நகருக்குப் பிரிட்டிஷ் எயர்வேய்ஸ் விமானம் ஒன்று புறப்பட்டது. பயணிகள் 81 பேர், பணியாளர் 6 பேர். புறப்பட்டு 13 நிமிடங்களில், 17,300 அடி உயரத்தில், தலைமை விமானியின் முன்னிருந்த கண்ணாடி பெருஞ் சத்தத்துடன் கழன்று வெளியே பறந்தது. உள்ளிருந்த காற்று வெளியே பாய்ந்த வேகத்தில் தலைமை விமானியும் அத்துவாரத்தூடே இழுக்கப்பட்டார். இடுப்புக்கு மேலே அவர் விமானத்தின் வெளியே, கால்கள் மாத்திரம் உள்ளே. பணியாளர் ஓடிவந்து அவர் காலைப் பற்றிக்கொண்டனர். அவர் இறந்துவிட்டார் என்றே அவர்கள் எண்ணினர்; எனினும் விடவில்லை. துணை விமானி தனியொருவராக விமானத்தைச் சவுதாம்ரன் நகரில் இறக்கினார். ஓருயிரும் போகவில்லை. வெளியே தொங்கிய விமானியும் பிழைத்தெழுந்து, சில மாதங்களில் மீண்டும் விமானம் ஓட்டச் சென்றார்.

கண்ணாடி கழன்றது ஏன்? விமானம் புறப்படுதற்கு 27 மணித்தியாலங்களின் முன்னர் அது புதிதாகப் பொருத்தப்பட்டிருந்தது. அதனை விமானத்தின் வெளிப்புறத்திலிருந்து பொருத்துவார்கள். உயரே செல்லச் செல்ல உள்ளிருக்கும் அழுத்தம் அதனை வெளியே தள்ளும். தள்ளாமற் காப்பன 90 ஆணிகள். கம்மியர் போல்ட் என்று வழங்குவன. அத்தொண்ணூறில் 84 ஆணிகள் இருக்கவேண்டிய பருமனிலும் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 26 பங்கு மெலிந்தவை. நம் கணக்கிலே ஒரு மில்லிமீற்றரின் மூன்றில் இரண்டு பங்கு. எஞ்சிய ஆறும் பருமன் சரி, நீளம் குறைவு.

இனித்தான் கதை சுவைக்கிறது. அவ்வேலையைச் செய்தவர் கற்றுக்குட்டி அல்லர். அந்த இரவு முறைக்குப் பொறுப்பான மேலாளர் அவர். அன்றிரவு ஆள் குறைவாயிருந்தமையால், பிறரை ஏவாது தாமே செய்யப் புகுந்தார். பழைய கண்ணாடியைக் கழற்றினார். கழற்றிய ஆணிகள் பெரும்பாலும் 7டி என்னும் இனம். அவற்றுள் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு களஞ்சியத்துக்குச் சென்றார். களஞ்சியப் பொறுப்பாளர், இந்தக் கண்ணாடிக்கு 8டி அல்லவா வேண்டும் என்றார். மேலாளர் கேட்கவில்லை. கழற்றிய இடத்தில் இருந்தது 7டி, ஆகவே பூட்டவேண்டியதும் 7டி என்று துணிந்தார். அங்கே 7டி போதிய அளவில் இருக்கவில்லை. வேறோரிடத்தில் இருந்த இலாச்சிகளை நாடிப் போனார். அங்கே வெளிச்சம் மங்கல். அண்மையில் உள்ளவற்றைப் பார்க்க அவருக்கு மூக்குக்கண்ணாடி வேண்டும், அதனை அணிந்திருக்கவில்லை. கையிலிருந்த ஆணியோடு ஒப்பவைத்துக் கண்ணாலும் கையாலும் அளந்து எடுத்தார். எடுத்தது 8சி.

உரிய ஆணி எது என்பது விமானத்தின் உறுப்புப் பட்டியலிலே தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது: 8டி. நான்கு ஆண்டுகள் அக்கண்ணாடியைப் பிடித்திருந்த 7டி ஆணிகளே முன்பு யாரோ பிழையாகப் பூட்டியவை. பருமன் ஒத்திருந்தமையால் அப்பிழை தீங்கு செய்யாது மறைந்திருந்தது. மேலாளர் மூலத்தைப் பாராது பிரதியைப் பார்த்துப் பிரதி செய்தார். பிழைபட்ட ஏட்டை மூலமென்று கொண்டு, அதனையும் மங்கலொளியிற் பிழையாகப் படித்தார். நம் ஏடெழுதுவோன் செய்ததும் இதுவே அன்றோ? பழைய பாடத்தின் வழு புதிய வழுவுக்குத் தாயாயிற்று.

இவ்விடத்திலே ஒரு கணம் தரித்து நிற்க விரும்புகிறேன். களஞ்சியப் பொறுப்பாளர் சொன்னதை ஏன் அவர் கேட்கவில்லை? யாரும் சொல்லாமற் பிழைத்தவனை மன்னிக்க எனக்கு மனம் வரும். சொல்லியும் கேளாதவனை மன்னிக்க எளிதில் வாராது. ஆயினும், வகுப்பிலே ஒரு மாணவன் எழுந்து, ஐயா, இன்னொரு பதிப்பில் வேறு பாடம் இருக்கிறதே என்றால் நம்மிற் பலர் என்ன செய்கின்றோம்? இருக்கட்டும், இருந்துகொள் என்கிறோம். பதவியில் உயர்ந்தவன் காதுக்குக் களஞ்சியக்காரன் குரல் எட்டுவதில்லை. இஃது இங்கிலாந்துக்கு மாத்திரம் உரிய நோயன்று.

ஒருவர் செய்த வேலையை மற்றொருவர் பார்க்கவில்லையா எனலாம். பார்க்கும்படி விதி இருக்கவில்லை. முன்கண்ணாடி மாற்றுவது இருவர் சோதிக்கவேண்டிய உயிர்நிலை வேலைகளின் பட்டியலில் இல்லை. பூட்டியபின் உள்ளே அழுத்தம் ஏற்றிச் சோதிக்கவும் விதியில்லை. ஆணித் தலைகள் தமக்குரிய குழியில் அளவுக்கு மீறித் தாழ்ந்து நின்றன. நேரே நின்று பார்த்தவர் கண்டிருப்பர். ஆனால் ஏறிநின்ற பலகை சரியான இடத்தில் அமையாமையால் அவர் எட்டியெட்டியே திருகினார். திருகுகோலையும் அதன் முனையையும் இரு கையாலும் பிடிக்கவேண்டியிருந்தது. அவர் கையே அவர் கண்ணை மறைத்தது. இத்தனையும் ஒருங்கு சேர்ந்தன.

மற்றொரு நிகழ்ச்சி. 1983ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் திகதி அமெரிக்காவின் மியாமி நகரிலிருந்து பகாமாஸ் தீவின் நசோ நகருக்குச் சென்ற ஈஸ்டேர்ண் எயர்லைன்ஸ் விமானத்தில் 172 பேர் இருந்தனர். விமானத்துக்கு எஞ்சின் மூன்று. மூன்றிலிருந்தும் எண்ணெய் ஒழுகியது. ஒன்றை விமானிகள் தாமே நிறுத்தினர். திரும்பும் வழியில் மற்றை இரண்டும் நின்றன. எஞ்சினின்றி விமானம் கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருக்க, முதலில் நிறுத்திய எஞ்சினை மீண்டும் இயக்கி, அதன் துணையால் மியாமி சேர்ந்தனர். எல்லாரும் உயிர் தப்பினர்.

எண்ணெயில் உலோகத் துகள் கலந்துள்ளதா என்று அறிய எஞ்சினுள்ளே செருகிவைக்கும் சிறு கருவி ஒன்றுண்டு. முதல்நாள் இரவு மூன்று எஞ்சினிலும் அதனை மாற்றினார்கள். எண்ணெய் கசியாதிருக்க அதற்கு இறப்பர் வளையங்கள் இடவேண்டும். மூன்றிலும் இடவில்லை. வேலைக்குறிப்புத் தாளில் வளையம் இடுக என்று அச்சிட்டிருந்தது. அதன் நேரே கையெழுத்தும் இருந்தது. இட்டதாகக் கையெழுத்து, இடாத வளையம். இது பொய் அல்லவா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் நடந்தது இது. அவர்கள் நாள்தோறும் மேற்பார்வையாளரின் அலுமாரியிலிருந்து அக்கருவியை எடுப்பது வழக்கம். அங்கே எடுத்தால் வளையம் முன்னமே பூட்டியே இருக்கும். ஆகவே வளையம் இடும் வேலையை அவர்கள் தம் கையாற் செய்யவேண்டி வந்ததில்லை; கையெழுத்து மாத்திரம் இட்டுவந்தனர். அன்று அலுமாரியில் கருவி இல்லை. களஞ்சியத்திலிருந்து வந்தது வளையமின்றி வந்தது. கை பழகியபடி பூட்டிற்று, பேனா பழகியபடி எழுதிற்று. ஒரே இரவில் ஒரே ஆட்கள் மூன்று எஞ்சினுக்கும் அதே வேலையைச் செய்தமையால் ஒரு பிழை மூன்று பிழையாயிற்று. ஒன்றுக்குப் பழுது வந்தால் மற்றை இரண்டும் காக்கும் என்பதற்காகவே மூன்று எஞ்சின் வைத்தார்கள். ஒரே கை மூன்றையும் தொட்டதால் அக்காப்பு அழிந்தது.

பொருளறியாமல் ஓதும் மாணவனை நாம் கண்டிக்கிறோம். பொருளறிந்து, ஆயிரம் முறை ஓதி, அப்பழக்கத்தாலேயே பொருளை மறந்து ஓதும் ஆசிரியனை யார் கண்டிப்பது? அறியாமையாற் பிழைத்தல் வேறு, பழக்கத்தாற் பிழைத்தல் வேறு. திருவள்ளுவர் மறதிக்கென்றே பொச்சாவாமை என ஓர் அதிகாரம் வகுத்தார். நம் இலக்கணிகளும் வழுவென்று ஒரே சொல்லாற் சொல்லி ஒழியவில்லை, எழுவகையாகப் பிரித்தனர். பிரித்ததோடும் நில்லாது, வழுவமைதி என்று ஒன்று கண்டனர். வழு நேர்ந்த காரணம் யாது, எவ்விடத்தில் அதனை ஏற்கலாம், எவ்விடத்தில் ஏற்கலாகாது என்று அமைதியாக இருந்து ஆராய்ந்தார்கள். மொழியிலே இத்துணைப் பொறுமை காட்டிய நாம் மனிதர் திறத்திலே அதனைக் காட்டுவதில்லை.

மூன்றாவது நிகழ்ச்சியில் உயிர்கள் போயின. 1991ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆம் திகதி அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் கொன்ரினென்ரல் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் சிறு விமானம் ஒன்று நடுவானில் உடைந்து வீழ்ந்து, அதிலிருந்த 14 பேரும் மாண்டனர். முதல்நாள் இரவு விமானத்தின் வாற்பகுதியில் வேலை நடந்தது. பனிக்கட்டி படியாதிருக்க வாற்சிறகின் முன்விளிம்பில் இறப்பர் உறை ஒன்று உண்டு, அதனை மாற்றவேண்டும். மாலை முறையினருள் ஒருவர் உதவி செய்ய மேலேறி, இடப்பக்கத்து மேற்புறத் திருகாணிகள் 47ஐயும் கழற்றினார். ஆனால் அன்று வேலை நடந்தது வலப்பக்கத்திலேயே. முறை மாறும் நேரம் வந்தது. கழற்றிய செய்தியை எவரும் தாளில் எழுதவில்லை; வந்தவர்க்கு வாயாலும் முறைப்படி சொல்லப்படவில்லை. வந்தவர்கள் வலப்பக்கத்தை முடித்தார்கள். அவ்விமானத்தின் வாற்சிறகு மிக உயரத்தில் உள்ளது. அதன் மேற்புறம் நிலத்தில் நிற்போர் கண்ணுக்குத் தெரியாது. காலையில் விமானம் லறேடோ நகருக்குச் சென்று ஒரு குறையுமின்றி இறங்கியது. திரும்பி வரும்போது விளிம்பு பிய்ந்தது.

கழற்றியவர் திருகாணிகளை எறிந்துவிடவில்லை. ஒரு பையில் இட்டு, ஏறிநின்ற தூக்கியிலேயே வைத்திருந்தார். செவ்வையாக வேலை செய்பவனின் பழக்கம் அது. நாற்பத்தேழும் பையிலே பத்திரமாய் இருந்தன.

இவ்விபத்தை விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் பெரும்பான்மையோர், பழுதுபார்ப்போரும் பரிசோதகரும் விதிப்படி நடவாமையே முதன்மைக் காரணம் என்று தீர்த்தனர். சபை உறுப்பினர் யோன் லோபர் என்பவர் உடன்படவில்லை. விதியை மதிக்கும் ஒரு நடைமுறையை அந்நிறுவனத்து மேலிடம் வளர்க்கத் தவறியதும் காரணத்தில் அடங்கவேண்டும் என்று அவர் மாறுபட்டு எழுதினார். அன்று அது தனிக்குரல். பின்னாளில் இத்துறையிற் பாதுகாப்பைப் பற்றி எழுதுவோர் பலர் அக்குரலையே எடுத்தாண்டனர். எனக்கும் அவர் பக்கமே நியாயமாகப் படுகிறது.

இக்கருத்தை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் சட்டம் படித்தவர். பதினான்கு பேர் செத்திருக்கிறார்கள், நீர் இலக்கணத்தில் வழுவமைதி சொல்கிறீர், எழுத்துப் பிழையால் எவன் செத்தான் என்று சினந்தார். அவர் சினத்தில் நியாயம் இல்லாமலில்லை. இறந்தவரின் மனைவி மக்கள் முன்னே நின்று, யாரும் குற்றவாளியல்லர், எல்லாம் கூடிவந்தது என்று சொல்ல எனக்கு நா எழாது. பெருநாட்டில் 1996ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் திகதி 70 பேருடன் ஒரு விமானம் இருளிற் கடலில் வீழ்ந்தது. விமானத்தைக் கழுவியபோது, உயரமும் வேகமும் அறியும் துவாரங்களை ஒட்டுநாடாவால் மூடிவிட்டு, பிறகு அதனை நீக்க மறந்தமையே காரணம். ஒட்டியவர் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். ஆனால் அவருக்குப் பின் பரிசோதிக்கவேண்டியவரும் பார்க்கவில்லை. புறப்படுமுன் சுற்றிப்பார்த்த விமானியும் காணவில்லை. விமானத்தின் மேனியும் வெள்ளிநிறம், நாடாவும் வெள்ளிநிறம். செந்நிற நாடா ஒன்று கொடுத்திருந்தால் அவ்விரவு வேறாக முடிந்திருக்கலாம். ஒருவனைத் தண்டித்தபின் நாடாவின் நிறத்தைப் பற்றி எவனும் கேட்பதில்லை என்பதே என் கவலை.

நண்பருக்கு யான் சொன்ன மறுமொழியில் ஒரு பகுதி என் சொந்த வாழ்வைப் பற்றியது. அதனை இங்கும் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு பாடசாலையில் இளம் ஆசிரியனாயிருந்தபோது, ஆண்டிறுதிப் பரீட்சையில் ஒரு மாணவனுக்கு 63 என்று எழுதவேண்டிய இடத்தில் 36 என்று எழுதிவிட்டேன். நள்ளிரவு கடந்து, அரிக்கேன் லாம்பின் வெளிச்சத்தில், நூற்றுக்கு மேற்பட்ட தாள்களைக் கூட்டி முடித்த நேரம் அது. பிழையைக் கண்டபோது பட்டியல் ஒட்டியாயிற்று. அப்பையன் அழுதுகொண்டு போனதை யான் பார்த்திருந்தேன். ஒரு கிழமை உறக்கமின்றித் தவித்துப் பின் தலைமையாசிரியரிடம் சென்று சொன்னேன். அவர் பட்டியலைத் திருத்தினார். பையன் மேல்வகுப்புக்கு ஏறினான். ஆனால் மறுநாள் ஆசிரியர் எல்லாரையும் கூட்டி, அவர்கள் நடுவே என்னை எழுப்பிவைத்து, கூட்டத் தெரியாதவன் குறள் படிப்பிக்க வந்துவிட்டான் என்றார்.

அதன்பின் யான் அங்கே பணியாற்றிய ஆறு ஆண்டுகளில் ஓர் ஆசிரியராவது தம் புள்ளியிற் பிழையென்று தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னதில்லை. யானும் சொன்னதில்லை. சொல்லத்தக்க பிழை எனக்கு இரண்டு முறை நேர்ந்தது. தமது கண்டிப்பினாற் பிழை ஒழிந்தது என்று அப்பெரியவர் இறுதிவரை நம்பியிருந்தார்.

விமானத் தொழிலார் இவ்வுண்மையை நமக்கு முன்னரே கண்டுகொண்டனர். அமெரிக்காவில் 1976ஆம் ஆண்டு முதல், பிழை செய்தவர் தாமே அதனை அறிவித்தற்கு ஓர் ஏற்பாடு உண்டு. அறிவிப்பைப் பெறுவது தண்டிக்கும் அதிகாரமுடைய திணைக்களம் அன்று. விண்வெளி ஆராய்ச்சி செய்யும் நாசா நிறுவனம். அறிவித்தவர் பெயரை நீக்கிவிட்டுச் செய்தியை மாத்திரம் வைத்துக்கொள்வார்கள். பிரித்தானியாவிலும் 1982 முதல் இத்தகைய ஏற்பாடு ஒன்று நடைபெறுகின்றது. வேண்டுமென்றே செய்த குற்றத்துக்கு அங்கே அடைக்கலம் இல்லை, பிழைக்கு உண்டு. யப்பானில் 1985ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி நிகழ்ந்த பெருவிபத்தில் 520 பேர் மாண்டனர். ஏழு ஆண்டுகளின் முன்னர் விமானத்தின் பின்புறச் சுவரைப் பழுதுபார்த்தவர்கள் இணைப்புத் தகட்டைச் சரிவரப் பூட்டாமையால் அச்சுவர் சிறுகச் சிறுக நைந்து அன்று வெடித்தது. அவ்விமானத்தின் உடைந்த பகுதிகளை அந்நிறுவனம் மறைத்துவைக்கவில்லை. 2006ஆம் ஆண்டு தோக்கியோவில் ஒரு நிலையம் அமைத்து, அவற்றை அங்கே வைத்துத் தன் பணியாளர்க்குக் காட்டி வருகின்றது. பிள்ளைகள் பிழையாக எழுதிய பக்கத்தைக் கிழித்தெறியச் சொல்லும் நம் வழக்கத்தை இதனோடு வைத்து எண்ணிப் பார்த்தேன்.

நம் பாடசாலைகளில் இதில் எவ்வளவு இயலும்? பெரிய ஏற்பாடெல்லாம் இயலாது என்பது எனக்குத் தெரியும். சென்ற ஆண்டு முதல் யானும் பக்கத்து வகுப்பு ஆசிரியரும் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். என் விடைத்தாள்களை அவர் ஒருமுறை கூட்டுவார். அவர் தாள்களை யான் கூட்டுவேன். கண்ட பிழையை வேறெவரிடமும் சொல்வதில்லை. சென்ற தவணையில் என் கூட்டலில் அவர் இரண்டு பிழை கண்டார். அவருடையதில் யான் ஒன்று கண்டேன். அவற்றுள் ஒன்று மீண்டும் ஒரு பையனுடைய 63.